ஒரு நூல் நகர்ந்த கோடு

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் கவலைப்படும் ஆளாக இருப்பதுதான் ஊருக்கு நல்லது. ரோப் தாங்குமா, பிரேக் பிடிக்குமா என்று அவர் பயந்தால்தான் நாம் பயமில்லாமல் ஒன்பதாவது மாடிக்குப் போகலாம். இந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்காரர் சுத்த மோசடி. இருபத்தோரு வருடமாக லிஃப்ட் வேலை. நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளேயிருந்து ஆள் கத்தினாலும், "ஸ்தோத்திரம் சார், ரெண்டே நிமிஷம்" என்பார். அவருக்கு ஸ்தோத்திரம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

காவலாளி அவரை நம்பவில்லை. "ஒண்ணு, அந்தாளுக்கு எங்கயோ பெரிய சொத்து இருக்கணும். இல்ல, மூளைல ஏதோ இல்லாம இருக்கணும்" என்பது அவர் முடிவு. நாங்களெல்லாம் பொழுது போகாமல் சந்தேகப்பட்டோம். காரணத்தோடு சந்தேகப்பட்டவர் ஸ்தோத்திரத்தின் மனைவி.

அந்த அம்மா திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் துளி சதை எடுத்து, முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்தோத்திரம் மனைவியை உட்கார வைத்து, தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். நல்ல ஜெபம்தான், குறை சொல்ல முடியாது. ஆமென் சொன்ன பிறகு செய்ததுதான் வில்லங்கம். சீட்டை பீரோ கதவில் ஒரு காந்தத்தால் ஒட்டினார். வேலைப் பையிலிருந்து சிவப்பு பெயின்ட் பேனாவை எடுத்து, பாதி சீட்டிலும் பாதி பீரோவிலும் விழும்படி ஒரு கோடு இழுத்தார்.

"என்னங்க இது, பீரோவை நாசம் பண்றீங்க?"

"நட்டை இறுக்கினதும் நாங்க இப்படித்தான் கோடு போடுவோம். நட்டுல பாதி, அடி இரும்புல பாதி. கோடு நேரா இருந்தா நட்டு நகரலைன்னு அர்த்தம். அப்புறம் ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சாச்சு. அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை ஜெபம் பண்ணா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அளவுக்கு மேல முறுக்கினா மரை கழண்டுடும்மா."

"உங்களுக்கு எப்பவோ கழண்டாச்சு" என்று அந்த அம்மா எழுந்து போனார்.

அன்றிலிருந்து கணவரைக் கவனிக்க ஆரம்பித்தார். மனிதர் வயிறாரச் சாப்பிட்டார். ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது சீட்டியடித்தார். படுத்ததும் குறட்டை விட்டார். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க, பக்கத்தில் ஒருவர் ரம்பம் அறுப்பதுபோல் தூங்கினால் அதை விசுவாசம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அக்காவுக்கு போன் போட்டார்.

"பயப்படவே மாட்டேங்கறாருக்கா. ஒரு பேச்சுக்குக்கூட."

"உம் பேர்ல இன்ஷூரன்ஸ் ஏதாவது போட்டு வச்சிருக்காரா, பாரு" என்றார் அக்கா. ஆறுதல் சொல்வதில் அவர் ஒரு தனி ரகம்.

"சும்மா இரு, அக்கா. நான் செத்தா இவருக்கு ஒண்ணுமே இல்லையோன்னு தோணுது."



ஆறாம் நாள் காலை, பீரோ கண்ணாடியில் தலை வாரும்போது அந்த அம்மாவின் சீப்பு பாதியில் நின்றது. கோடு ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஆறு கெஜத் துணியில் ஒரு நூல் கோணினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. வீட்டில் இருப்பது இரண்டே பேர், தான் தொடவில்லை. மறுநாள் கணவர் கிளம்பியதும் ஓடிப்போய்ப் பார்த்தார். காந்தம் இருந்தது, சீட்டு இல்லை. சாயங்காலம் சீட்டு பழைய இடத்தில் அப்பாவியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். ஸ்தோத்திரம் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை; ஆஸ்பத்திரிக்கு நடந்தார். உள்ளே போனதும் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். லிஃப்டிலேயே பிழைக்கிறவன் படியேறினால் யாருக்கும் தெரியாமல் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறான் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டார். நாலாவது மாடியில் ஒரு பெண் குரல் கேட்டபோது சந்தேகம் உறுதியானது.

"வந்துட்டீங்களாண்ணா? பத்து நாள்னா பத்து நாள்தான். தினமும் வந்து நின்னா ரிப்போர்ட் பயந்துபோய் சீக்கிரம் வந்துடுமா?"

பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல் அது. உள்ளே இருந்த பெண், நீட்டிய சீட்டைப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "லிஃப்ட் இருக்குல்ல? ஏன் இப்படி மூச்சு வாங்க ஏறி வர்றீங்க?"

"லிஃப்ட்னா உடனே மேல வந்துடுவேன்மா. படின்னா நாலு மாடிக்கும் ஜெபம் பண்ணிக்கிட்டே வரலாம்."

திரும்பினார். மனைவி நின்றிருந்தார்.

"ஒப்படைச்சாச்சுன்னீங்க?"

"ஒப்படைச்சேன்மா. காலைல ஒப்படைக்கறேன், ஷூ மாட்றதுக்குள்ள திரும்பப் புடுங்கிக்கறேன். அவர் தர மாட்டேங்கறார், நான்தான் இழுக்கறேன்." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருபத்தோரு வருஷத்துல இப்படி ஒரு நட்டை நான் பார்த்ததில்ல."

"அப்ப அந்தக் குறட்டை?"

"பாதி நிஜம்."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நான் பயந்தா நீ தூங்க மாட்டேன்னு..."

"நீங்க பயப்படலைன்னுதாங்க நான் எட்டு நாளா தூங்கல."

ஸ்தோத்திரம் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை ஜெபம் செய்தது மனைவி. "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இவருக்கும் பயமாத்தான் இருக்காம், எனக்கு இப்பத்தான் தெரியும், உமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நீர் எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கும். நாளைக்கும் வந்து இதையேதான் சொல்லுவோம், கோவிச்சுக்காதேயும்." துடைப்பத்தோடு வந்த ஆயா, "கொஞ்சம் எழுந்து ஜெபம் பண்ணுங்க, தண்ணி ஊத்தணும்" என்றதால் ஆமென் சீக்கிரமே வந்தது.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். ஆனால் சிறியது, பரவவில்லை, முழுவதும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஸ்தோத்திரம் அறுவைக் கத்தி, மயக்க மருந்து, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று பதினோரு கேள்வி கேட்டார். மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "என்னைக்கு?"

அறுவைக்கு முன்பு, பச்சை அங்கியோடு சக்கரக் கட்டிலில் படுத்தபடி அந்த அம்மா கணவரைக் கூர்ந்து பார்த்தார். விசாரணை அதிகாரியின் பார்வை.

"உண்மையைச் சொல்லுங்க. பயமா இருக்கா?"

"ரொம்ப."

"ஜெபம் பண்ணீங்களா?"

"இன்னைக்கு மட்டும் ஏழு தடவை."

"சரி" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "நான் வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க. உள்ள வந்து எதையும் இறுக்கறேன், சரி பண்றேன்னு நிக்காதீங்க. அதுக்கு ஆள் இருக்கு."

கட்டில் உள்ளே போனது. அவர் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.