தொட்டியில் நான் போட்ட சிப்பி

மாமல்லபுரத்தில் சிப்பிக் கடை வைத்திருக்கிறேன். மகள் வளர்க்கும் ஃபைட்டர் மீனின் தொட்டியில், அழகாக இருக்குமென்று கடைச் சிப்பிகளைப் போட்டேன். ஒரே வாரத்தில் மீனின் வால் கிழிந்து தொங்கியது. வலையால் இழுத்திருப்பாய் என்று மகளைத் திட்டினேன்.

"நான் தொடவே இல்ல அத்தா" என்று அழுதாள்.

கோவளத்தில் அந்த மீனை எங்களுக்கு விற்றவரிடம் கேட்டேன். "சிப்பி மேல நைலான் துப்பட்டாவ இஸ்துப் பாரு பாய். நூலு மாட்டிக்கினா வாலும் மாட்டிக்கும்" என்றார்.

நூல் மாட்டியது.

சிப்பிகளை எடுத்துவிட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். வால் மெல்ல வளர்ந்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் 'மீன் தொட்டியில் போடலாம்' என்று சொல்லியே எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன். இப்போது தொட்டிக்கென்று கேட்டால் தருவதில்லை. முன்பு வாங்கிப் போனவர்களின் முகவரி என்னிடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து அந்தச் சிப்பிகளைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.