செலீன் காதால் பரிசோதித்த முழங்கால்

இயன்மருத்துவர் செலீன் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர். 2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை காலை 8.40க்கு எங்கள் வெள்ளவத்தை ஜிம்னாஸ்டிக் கழகத்துக்கு முதன்முறையாக வந்தார். பதினொரு வருடமாக அங்கே பதிவேடு எழுதுபவன் நான். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடிவந்து குதிக்க, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“மிஸ், முதுகைக் காட்டிக்கொண்டு என்ன செக்கிங்?” என்று பயிற்றுநர் ரெனால்ட் சிரித்தார்.

“பார்த்தா சிரிச்ச முகந்தான் தெரியும், ரெனால்ட். இவையள் நொந்தாலும் சிரிச்சுக்கொண்டுதானே இறங்குவினம். கால் விழுற சத்தம் பொய் சொல்லாது.”

ஏழாவதாகக் குதித்தவள் யதுஷா, வயது பதின்மூன்று. ஏப்ரல் முதலாம் திகதிப் போட்டியில் பதக்கத்துக்கு நாங்கள் நம்பியிருந்த ஒரே பிள்ளை.

“இவளுக்கு இடது கால் பிந்தி விழுது. வலது முழங்கால்தான் பாரம் முழுக்க வாங்குது. விட்டா சவ்வு கிழியும்,” என்றார் செலீன்.

“எனக்கு நோகேல்லை மிஸ்!”

“நொந்தாப்பிறகு வந்து என்ன பிரயோசனம்?”

பிறகு என் ஏட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதத்தில் யதுஷா 2.8 சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தாள். எலும்பு நீண்ட வேகத்துக்குத் தசை பலப்படவில்லை என்றார். அந்த எண்களை எழுதியவனே நான். எனக்கு அவை வெறும் உயரமாகத்தான் தெரிந்தன.

அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் புதிய பயிற்சி: கண்மூடி ஒற்றைக் காலில் நிற்பது, முப்பது சென்ரிமீற்றர் பெட்டியிலிருந்து சத்தமில்லாமல் இறங்குவது. யதுஷாவுக்கு ஓடிக் குதிப்பது முற்றாகத் தடை. ஒவ்வொரு காலாலும் பத்துத் தடவை சத்தமின்றி இறங்கினால்தான் அனுமதி. இரண்டு தடவை அழுதாள்.

மார்ச் 25இல் சோதனை. மின்விசிறிகளை நிறுத்தினோம். வலது காலில் பத்தும் சரி. இடது காலில் எட்டு சரி. ஒன்பதாவதிலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. யதுஷாதான் தானாக நிறுத்தினாள்.

“மிஸ், குதிக்கால் அடிச்சுப்போட்டுது.”

“கேட்டது. நீ சொல்லுறியோ எண்டு பார்த்தன்.”

“ஐயோ பிள்ளை, வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமே!” என்று ரெனால்ட் தலையில் கைவைத்தார்.

“போட்டியில சமநிலைக் கட்டையில மட்டும் செய்யட்டும். ஓடிக் குதிக்கிறது அடுத்த முறை,” என்றார் செலீன்.

போட்டியன்று யதுஷா சமநிலைக் கட்டையில் நான்காமிடம். பதக்கம் இல்லை. ஆனால் அன்று மாலை எங்கள் பதினான்கு பிள்ளைகளும் முழங்காலிலோ கணுக்காலிலோ ஒரு கட்டுக்கூட இல்லாமல் படியிறங்கிப் போனார்கள். என் பதிவேட்டில் அப்படியொரு போட்டி நாள் அதற்கு முன் இல்லை.