ஏறக்குறைய ஆயிரம் மூலக்கூறுகள்

காசிச் செம்பில் கங்கை இல்லை என்பது, தாத்தாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய காலையில்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. ஈயம் வைத்து மூடிய சின்னச் செம்பு. ஒரு டம்ளர் தண்ணீர் கொள்ளும். கடைசி வாய்க்கென்று சாமி அலமாரியில் வருஷக்கணக்காகக் குங்குமம் வாங்கிக்கொண்டிருந்தது. அப்படி வைத்த பொருளை இடையில் திறந்து சோதிக்க எந்த வீட்டிலும் விதி கிடையாது. அப்பா மூடியை நெம்பினார். உள்ளே பச்சைக் களிம்பு மட்டும் இருந்தது. பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். கங்கை சத்தமில்லாமல் ஆவியாகிப் போயிருந்தாள்.

சித்தப்பா எதிர்வீட்டுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பினார்.

“அவங்க வூட்ல கீது. குடுக்க மாட்டாங்களாம். ‘தொறந்துட்டா எங்க கெழவிக்கு இன்னா பண்றது?’ன்றாங்க. அந்தக் கெழவி வேற பின்னாடியே நின்னுகினு என்ன மொறைக்குது.”

“கெணத்துத் தண்ணிய இதுலயே ஊத்திக் குடுத்துடலாம்,” என்றார் அப்பா. “அவருக்கு இன்னா தெரியப் போவுது?”

“சாவறவர்கிட்ட பொய் சொல்லாதண்ணே,” என்றது வாசற்படியிலிருந்து ஒரு குரல்.

அது அத்தை. அப்பாவுக்குத் தங்கை. அச்சரப்பாக்கத்து வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சென்னையில் உயிர் இயற்பியல் படிக்கப் போனவள். அன்றைக்கே தாத்தா, “இனிமே உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். சொன்னதைக் கடைப்பிடிக்கவும் செய்தார். விடுமுறைக்கு வந்த அத்தை டம்ளரை நீட்டினால், அதை அம்மா வாங்கித் தரும்வரை வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் வழக்கப்படி சாகிறவருக்குப் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரு வாய் ஊற்ற வேண்டும். அத்தைக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு காலை மட்டும்.

அவள் படிப்பு வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. “மூலக்கூற எவனும் கண்ணால பாத்ததில்ல. ஆனா இத்தினி பெருசு, இத்தினி கீதுன்னு தோராயமா எழுதிட்டா பாஸு. எங்க ஆபீஸ் மாதிரியே,” என்பார் சித்தப்பா. நானும் பின்னாளில் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தவள். அவர் சொன்னதில் பாதி உண்மை. பத்து மடங்கு பிழை அங்கும் சகஜம். ஆனால் அதைத் தோராயம் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

அத்தை கிணற்றில் ஒரு டம்ளர் மொண்டு வந்து தாத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எட்டு வயதுக்காரியான நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நைனா, சொம்பு காலி. இது நம்ம கெணத்துத் தண்ணிதான்.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஆனா கேளு. ஒரு சொம்புத் தண்ணியில ஆறு போட்டு இருபத்துநாலு சைபர் போட்ட அளவு மூலக்கூறு கீது. உலகத்துத் தண்ணியெல்லாம் சொம்பு சொம்பா மொண்டாக்கூட, ஆறு போட்டு இருபத்தோரு சைபருக்குக் கிட்டதான் வரும். எந்தக் காலத்துலயோ ஒருத்தர் காசியில ஒரு சொம்புத் தண்ணிய ஆத்துல வுட்டிருப்பாரு. அது கடல்ல கலந்து, மகாபலிபுரம் வந்து, மேகமாகி, இங்க பேஞ்சிருக்கும். நல்லா கலந்திருந்தா, இந்த டம்ளர்ல அந்தச் சொம்போட மூலக்கூறு ஆயிரம் இருக்கும்.”

தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. “சரியா ஆயிரமா?”

“தோராயமா. ஐநூறும் இருக்கலாம், ரெண்டாயிரமும் இருக்கலாம்.”

“நல்ல படிப்பு, போ.”

தண்ணீரின் மூலக்கூறுகள் ஓயாமல் தங்களுக்குள் ஹைட்ரஜனை மாற்றிக்கொள்வதால் பழையது எது என்று அடையாளம் காட்டவே முடியாது என்பதை அத்தையே பிற்பாடு எனக்குச் சொன்னாள். அன்று அந்த ஆட்சேபணையை எழுப்ப ஆளில்லை. வீடே அத்தையின் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தாத்தாவின் உதட்டருகே போய் நின்றது.

தாத்தா வாயைத் திறந்தார்.

ஒரு ஸ்பூன் இறங்கியது. தாத்தா உதட்டை நக்கிக்கொண்டு, “கம்மியா கீது. இன்னும் ஊத்து,” என்றார். அப்பா அடுத்த வாய்க்குக் கை நீட்டினார். தாத்தா தலையை அசைத்து மறுத்தார். “அவளே ஊத்தட்டும்.”

எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆயிரம் என்பது ஒரு டம்ளருக்கு. ஒரு ஸ்பூனில் எவ்வளவு வந்துவிடும்? விவரம் தெரிந்த மனிதர், கணக்குப்படி கேட்கிறார். டம்ளர் காலியாகும்வரை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார். கடைசி வாய் முடிந்தும் அன்று அவர் போகவில்லை. மாலையில் கஞ்சி கேட்டார்.

அதற்கு முன்பே அத்தை கிணற்றடிக்குப் போய்விட்டிருந்தாள். தேடிப் போனேன். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

“ஏன் அத்தை அழுவுற? ஆயிரமும் உள்ள போயிடுச்சே,” என்றேன்.

“ஆமாடி, போயிடுச்சு,” என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மேலும் அழுதாள்.

விடை சரியாக வந்தவர்கள் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.