அரை நொடி பிந்தி இறங்கும் கால்

எங்கள் வீட்டில் செத்துப்போன ஒருவரின் சொல் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் அல்ல. மேல்நாட்டுப் பாலே நடனங்களை ஆக்கியவர். என் மகள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். அவள் படிக்கும் நடனப் பள்ளியில் அவரைப் பெயர் சொல்வதில்லை. ‘அவர்’ என்றால் அவர்தான். முழங்கால் நேராவது அவருக்காக, கழுத்து நீள்வது அவருக்காக. நாங்கள் ஊர்விட்டு வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில், ஒரு ஞாயிறு காலை இரண்டாந்தரம் புட்டு வைக்கப்போன என் கையைத் தள்ளிவிட்டு, “அவருக்கு அது பிடிக்காது,” என்றாள்.

“செத்த மனிசனுக்கு என்ர வீட்டுப் புட்டும் பிடிக்காமப் போச்சோ?” என்றார் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். பிறகு, ஏன் சிரித்தேன் என்று நெடுநேரம் யோசித்தேன்.

அவளுக்குப் பதினேழு வயது. இந்த மார்ச்சில், பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சியில், அவருடைய நடனம் ஒன்றின் நடுவே வரும் தனி ஆட்டம் அவளுக்குக் கிடைத்தது. நான்கு நிமிடம். நடனக் குழுக்களை நடத்துகிறவர்கள் வந்திருந்து பார்ப்பார்கள். பிடித்தால் வேலைக்கு எடுப்பார்கள். கென்னடி ரோட்டில் பனியிலும் அதை உருக்கத் தூவிய உப்பிலும் நின்று பஸ் ஏறிய பன்னிரண்டு வருடமும் அந்த நான்கு நிமிடத்துக்குள் போய்க் குந்திக்கொண்டது.

நிகழ்ச்சி சனிக்கிழமை. திங்கள் பின்னேரம் அவள் குசினி மேசையில் கைகளால் ஆடிக்கொண்டிருந்தாள். கால்களைக் களைக்கவிடாமல் ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்க்க அவர்கள் இப்படித்தான் செய்வார்கள். வலக் கை வலக் காலாகும், இடக் கை இடக் காலாகும். விரல்கள் துள்ளும், உள்ளங்கை இறங்கும். நான் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பாய்ச்சல் வரும். வலக் கை எழுந்தது, இறங்கவேண்டிய தாளத்தில் இறங்காமல் நின்றது. அது ஆட்டத்திலேயே உள்ள தாமதம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் அரை நொடி பிந்தித்தான் இறங்கும். அந்த அரை நொடிக்காகவே அந்த நடனத்தைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் கை மேசையைத் தொட்டபோது அவள் முகம் சுருங்கியது. மேசையில் வைத்த கைக்கு என்ன நோவு?

“காலைக் காட்டு.”

“அம்மா, ஐம் ஃபைன்.”

“காட்டெண்டு சொன்னனான்.”

வலப் பாதத்தின் மேற்புறம் வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. மூன்று கிழமையாம், இருபது நாளுக்கு மேல்.

“எழும்பு. டொக்டரிட்டப் போவம்.”

“போனா எக்ஸ்ரே எடுப்பினம். எடுத்தா வேற ஆளைப் போட்டிடுவினம். சனிக்கிழமை வரைக்கும், அம்மா. ஜஸ்ட் சனிக்கிழமை வரைக்கும்.” என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தாள். “ஒருத்தருக்கும் சொல்லமாட்டனெண்டு சொல்லுங்கோ.”

இங்கே பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கமாட்டாள். இந்தச் சத்தியத்தை மட்டும் எங்கே பொறுக்கி வைத்திருந்தாள்? மீறினால், கை வைத்தவருக்கு ஒன்றும் ஆகாது, தலைக்கு உரியவருக்குத்தான் ஆகும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. வெங்காயம் மணக்கும் என் விரல்களுக்குக் கீழே அவள் தலைமயிர் சூடாக இருந்தது.

“சொல்லமாட்டன்,” என்றேன்.

சொல்லாமல் இருப்பவள் வேறு என்ன செய்வது? நோவெண்ணெய் தேய்த்தேன். காலையும் மாலையும் சுடவைத்துத் தேய்த்து, துணி சுற்றி அனுப்பினேன். எண்ணெய் துணியைக் கடக்கும், காலுறையைக் கடக்கும், இளஞ்சிவப்புச் சாட்டின் சப்பாத்தில் மஞ்சளாய்ப் போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கைவைத்தியத்துக்குச் சாட்டின் தெரியாது.

அந்த நடனத்தைப் பழக்க வந்திருந்தவர் எழுபது தாண்டிய ஒரு பெண். இளவயதில், செத்துப்போன ‘அவர்’ முன்னால் அந்தத் தனி ஆட்டத்தை முதன்முதலில் ஆடியவர். அவருடைய நடனங்கள் இப்படித்தான் உயிரோடிருக்கின்றன, ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு ஊற்றி ஊற்றி. அந்தப் பெண் நகரத்துக்கு வெளியே விட்பியில் சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தார், கார் ஓட்டமாட்டார். பெற்றோர் முறைவைத்து ஏற்றி இறக்கினோம். வியாழக்கிழமை காலை என் முறை. மகள் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டிருந்தாள்.

401 நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் கார்கள் உறைந்து நின்றன. அந்தப் பெண் பேசியது ஆங்கிலம். என் நினைவில் ஏனோ அது எங்கள் பேச்சாகவே நிற்கிறது.

“காருக்குள்ள என்ன மணம், பிள்ளை?”

“எண்ணெய். தலைக்கு வைக்கிறது.”

“தலைக்கு வைக்கிறது உன்ர மகளின்ர சப்பாத்தில ஏன் ஊறியிருக்கு?”

நான் காரின் கண்ணாடியைச் சற்று இறக்கினேன். பக்கத்து லொறி ஒரு காரளவு நகர்ந்து மறுபடி நின்றது. ஓரக்கண்ணில் அவருடைய மடி தெரிந்தது. அவரும் கைகளால் ஆடிக்கொண்டிருந்தார். விரல்கள் துள்ளின. பாய்ச்சல் வந்தது. வலக் கை எழுந்து, நின்று, பிந்தி இறங்கியது. நான் முகத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை என் குசினியில் சுருங்கிய அதே முகம்.

“இந்த இடம் எப்பிடி வந்ததெண்டு தெரியுமோ?” என்றார். “எனக்குப் பத்தொன்பது வயசு. கால் எலும்பில வெடிப்பு. ஆருக்கும் சொல்லேல்லை. இறங்கப் பயந்து பிந்தி இறங்கினன். அவர் பியானோவை நிப்பாட்டச் சொன்னார். என்ர கதை முடிஞ்சுதெண்டு நினைச்சன். ‘வடிவா இருக்கு, அப்பிடியே வைச்சிரு’ எண்டார்.”

“ஏன் பிந்தினதெண்டு அவர் கேக்கேல்லையோ?”

“கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. அந்தக் கால் ஒழுங்காய்ப் பொருந்தவேயில்லை. பிரேக்கை நம்பி அழுத்தேலாது. ஆனா பார், ஐம்பது வருசமா ஊருலகத்துப் பெட்டையள் எல்லாம் என்ர பயத்தை ஆடிக்கொண்டிருக்கினம்.” சிரித்தார். நல்ல சிரிப்பல்ல. “மற்றப் பிள்ளையள் நான் பழக்கினதை ஆடுறவை. உன்ர மகள் பழக்காததை ஆடுறா. அவவைக் கேட்டா ஒண்டுமில்லையெண்டுதான் சொல்லுவா, நானும் அப்பிடிச் சொன்னவள்தான். அதுதான் உன்னைக் கேக்கிறன். காலில என்ன?”

எனக்கும் அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. அதை மறைத்து எழுதினால் இது பொய்க்கதை. “சலங்கை இல்லாத ஆட்டமும் ஒரு ஆட்டமோ?” என்று கேட்ட மச்சாளுக்குத்தான் முதல் டிக்கெட்டை அனுப்பியிருந்தேன். இரண்டு நாள். இரண்டே நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஸ்டியரிங்கில் இருந்த என் உள்ளங்கை சுட்டது. மகளின் தலையை அங்கேயே, அந்தக் கைக்குக் கீழேயே வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல இருந்தது. சொன்னால் தலை. சொல்லாவிட்டால் கால். பின்னாலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

“வீங்கியிருக்கு,” என்றேன். “மூண்டு கிழமையாம்.”

சொல்லிவிட்டு அந்தக் கையை எடுத்துக் கோட்டில் துடைத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. மடியில் இரண்டு கைகளையும் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அவை ஆடவில்லை.

அன்றைக்கே அவர் மகளை ஒத்திகையிலிருந்து நிறுத்தி டொக்டரிடம் அனுப்பினார். எக்ஸ்ரேயில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. “ஆடியிருந்தால் முறிந்திருக்கலாம், முறியாமலும் போயிருக்கலாம்,” என்றார் டொக்டர். அந்தப் பதிலோடுதான் இன்றுவரை இருக்கிறேன். மகள் ஒரே ஒரு வசனம் பேசினாள்: “என்ர தலையில கை வைச்சனீங்கள்.” அதற்குப் பிறகு வீட்டில் அவளுடைய ஊன்றுகோல்களின் சத்தம் மட்டும்தான்.

சனிக்கிழமை நான் புறப்பட்டபோது அவளும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். மேல்மாடத்தில், படியோரம் இருந்த இரண்டு இருக்கைகள். வேறொரு பிள்ளை ஆடினாள். நன்றாக ஆடினாள்; கால்கள் அப்படி ஒரு நலத்தோடு இருந்தன. நான் மேடையைப் பார்க்கவில்லை, என் மகளின் மடியைப் பார்த்தேன். கைகள் கூடவே ஆடின. பாய்ச்சல் வந்தது. வலக் கை எழுந்தது. மேடையில் பாதம் இறங்கிய மெல்லிய சத்தம் கேட்டது. மகளின் கை இன்னும் மேலேயே நின்றது. பிறகுதான் இறங்கியது.

கைதட்டல். அந்த இரைச்சலுக்குள், அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு முதல்முறையாக, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “அவ நேரத்துக்கு இறங்கிட்டா.”

“அது பிழையோ?”

“பிழைதான்.”

வெளியே வருவதற்குப் படிகள். என் கையை நீட்டினேன். அதைப் பார்த்தாள், வெங்காயமும் எண்ணெயும் ஊறிய அந்தக் கையை.

“நான் இறங்குவன்,” என்றாள்.

நான் ஒரு படி கீழே, முதுகுப்பக்கமாக இறங்கினேன், விழுந்தால் பிடிக்க. அவள் கால் ஒவ்வொரு படிக்கு மேலும் ஒரு கணம் நின்று, பிந்தி இறங்கியது. ஒவ்வொரு தரமும் நான் மூச்சை நிறுத்தினேன்.