முதலில் வந்த மோனோசைட்

என் சித்தி ரத்தம் பார்க்கிறவள் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். கைரேகை பார்க்கிற மாதிரி அதுவும் ஒரு வித்தை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. உண்மையில் அவள் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அந்த மருத்துவமனையில்தான் அம்மா படுத்திருந்தாள். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வடக்கே போர்வெல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து, வார்டு வாசலில் பெஞ்சே கதி என்று கிடந்தார். எங்கள் புதுச்சத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சித்தி வீட்டில் விட்டார்கள். அங்கே தனியாக விட முடியாதென்று சித்தி என்னைத் தினமும் கூடவே அழைத்துப் போய், பரிசோதனைக் கூடத்தின் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

அம்மாவுக்குக் கொடுத்த மருந்து நோய்பிடித்த அணுக்களோடு நல்ல வெள்ளை அணுக்களையும் துடைத்துப்போட்டிருந்தது. கிருமியை எதிர்க்க உடம்பில் ஆளில்லாத நேரம் பார்த்துக் காய்ச்சல் வேறு வந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு பெரியவர்கள் ஒருவர் இருவர்தான் உள்ளே போகலாம். எனக்கு அதுவும் கிடையாது.

மைக்ரோஸ்கோப் பக்கத்தில் பொத்தான்கள் வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. சித்தி கண்ணாடித் தகட்டில் வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வகைக்கு ஒரு பொத்தானை அழுத்துவாள். நூறு ஆனதும் மணி அடிக்கும். யார் யார் ரத்தத்துக்கோ அந்த மணி அடித்தது. அம்மாவின் தகட்டுக்கு மட்டும் அடிக்கவே இல்லை. தகடு முழுக்கத் தேடினாலும் நூறு அணு தேறாது என்பது எனக்குத் தெரியாது. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

காய்ச்சலின் நாலாம் நாள், அம்மாவின் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. கண்ணை விலக்கித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“மேடத்தைக் கூட்டிட்டு வாரேன். எதையும் தொட்டுறாத சாமி.”

சித்தி ஓடி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓடினாள். அப்படி என்னதான் தெரிகிறது என்று நான் அவள் ஸ்டூலில் ஏறிக் குனிந்தேன். எல்லாம் கலங்கலாக இருந்தது. பக்கத்திலிருந்த பெரிய திருகைத் திருகினேன். இன்னும் கொஞ்சம் திருகினேன். லென்ஸ் இறங்கி முட்டி ‘கிரிக்’ என்று ஒரு சத்தம். தகடு இரண்டாக உடைந்திருந்தது.

சித்தி கண்டது எதுவோ, அம்மாவிடம் இருந்ததே அது ஒன்றுதான், அதையும் நசுக்கிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. பெரிய டாக்டரோடு சித்தி உள்ளே வந்தபோது நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். “நாந்தான் சித்தி” என்றேன்.

அவள் தகட்டைப் பார்த்தாள். என் கையைப் புரட்டிப் பார்த்தாள். “அறுத்துக்கலையே?” என்று கேட்டுவிட்டு டாக்டரிடம் திரும்பினாள். “அரை மணி நேரம் குடுங்க மேடம். வேற ஒன்னு போட்டுக் காட்டறனுங்க.”

அவர் முகம் சுளிக்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சித்தி குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து, புதுத் தகட்டில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். காயவைத்தாள். சாயம் ஊற்றினாள். கழுவினாள். எதிலும் அவசரமில்லை.

“அது செத்துப்போச்சா சித்தி?”

“கண்ணாடிக்கு வந்தப்பவே அது செத்ததுதான் கண்ணு. உசுரோட இருக்கறது அம்மாகிட்ட இருக்குது.”

சித்தி புதுத் தகட்டை வைத்துக் குனிந்தாள். வெகுநேரம் அந்தப் பெட்டியில் பொத்தான் சத்தமே இல்லை. பிறகு ‘டக்’. கொஞ்சம் கழித்து இன்னொரு ‘டக்’. அடுத்து டாக்டர் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

“நோய் அணு இல்லைங்க. நல்ல மோனோசைட்தான். மஜ்ஜை முழிச்சுக்கிச்சு” என்றார்.

சித்தி என்னை ஸ்டூலில் உட்காரவைத்துக் காட்டினாள். சுற்றிலுமிருந்த சிவப்பு அணுக்களை விடப் பெரியதாக, சாம்பல் பூத்த நீலத்தில் கிடந்தது, மோனோசைட் என்கிற அந்த வெள்ளை அணு. அதன் நடுவே அவரை விதைபோல வளைந்த ஊதா நிறம். அழகு என்று சொல்ல முடியாது. இதற்கா இத்தனை ஓட்டம் என்று இருந்தது.

“இது என்ன பண்ணும்?”

“எலும்புக்குள்ள பொறந்து ரத்தத்துக்கு வரும். ரத்தத்துல ஒன்னு ரெண்டு நாள்தான் சுத்தும். அப்புறம் எங்க புண்ணோ எங்க கிருமியோ, அந்தச் சதைக்குள்ள எறங்கீரும். எறங்குனா இன்னும் பெருசாயிக் கிருமிய முழுங்கும். செத்த அணுவையெல்லாம் தின்னு சுத்தம் பண்ணும். முழுங்குன கிருமியோட துண்டை வெளிய நீட்டி, ‘இவந்தான், பாத்துக்கங்க’ன்னு மத்த அணுவுக்கு அடையாளமும் காட்டும்.”

“இவ்வளவும் இது ஒன்னேவா?”

“ஒன்னேதான். மருந்துல எல்லாம் அழிஞ்ச பொறவு, பெரும்பாலும் மொதல்ல திரும்பி வர்றதும் இதுதான்.”

அப்போதே அந்த அழகில்லாத அணுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. இன்றுவரை அது குறையவில்லை.

நானும் சித்தியும் வார்டு வாசலுக்குப் போனதும் அப்பா எழுந்து நின்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் துளை போடுவது. தண்ணீர் வருமுன் மேலே வரும் பாறைத் தூள் ஈரமாகும். அதைத்தான் கேட்டார்.

“ஈரம் தட்டிருச்சா?”

“தட்டிருச்சுங்க மாமா. தண்ணிக்கு இன்னும் நாளாவும்.”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சித்தி திரும்பி வந்து, யாரோ ஒருவருடைய தகட்டை எடுத்து எண்ணத் தொடங்கினாள்.

ஒரு வாரத்தில் மற்ற அணுக்களும் வந்தன. காய்ச்சல் இறங்கியது. அம்மாவின் தகட்டுக்கு மணி அடித்த அன்று நான் கைதட்டினேன். இன்னும் சில மாதங்கள் மருந்து, அலைச்சல் எல்லாம் இருந்தன. ஆனால் அம்மா மீண்டுவிட்டாள்.

நான் பெரியவளான பிறகுதான் அம்மா ஒருநாள் சொன்னாள். சோர்வாக இருக்கிறதென்று முதன்முதலாக அவள் ரத்தம் கொடுத்தது சித்தியிடம்தான். தன் அக்காவின் ரத்தத்தில் அந்த நோயை முதலில் கண்டவளும் சித்திதான். அதை எழுதி டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் புதுச்சத்திரம் வந்திருக்கிறாள். அவள் வந்தது எனக்கும் நினைவிருக்கிறது. வந்ததும் என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். ஏன் இவ்வளவு இறுக்கிப் பின்னுகிறாள் என்று நான் அவளோடு சண்டை போட்டேன்.