அதாவது டீச்சரும் ஒரு 'ம்'மும்

அதாவது டீச்சர் வீடு எது என்று கேட்டால் கீழே சைக்கிள் கடைக்காரர் வாயைத் திறக்கமாட்டார், ஸ்பேனராலேயே மாடியைக் காட்டுவார். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் குடித்தனம், மற்றதில் இங்கிலீஷ் வகுப்பு. தையல்காரிகள், லாரி டிரைவர்கள், ஆஸ்பத்திரியில் துடைக்கிறவர்கள் என்று வேலை முடிந்து வருகிறவர்கள்தான் மாணவர்கள். பாடத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து பதிவு செய்து மாணவர்கள் போனில் ஏற்றிக் கொடுப்பார்கள்.

புருஷன்தான் வாத்தியார், இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்வார். மாணவர்கள் திருப்பிச் சொல்லக் கொஞ்சம் இடம் விடுவார். பிறகு தொண்டைக்குள்ளேயே ஒரு 'ம்'. நீ ஆரம்பி என்று அர்த்தம். உடனே டீச்சர் "அதாவது..." என்று தமிழில் விளக்குவாள். பதிவைச் சரிசெய்து தரும் சவுண்டுக்காரர் அந்த 'ம்'மை மட்டும் வெட்டி எறிந்துவிடுவார். 'அதாவது' தப்பித்தது, பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பாடத்தில்தான் வினை. ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதற்கு இங்கிலீஷில் உள்ள வார்த்தைகள்: மிக்ஸ், ஆட், ஸ்டிர், அட்டாச், மெர்ஜ், பிளெண்ட்.

"எல்லாம் சேர்க்கிறதுதானே? இதுக்கு இத்தனை வார்த்தையா? உங்களுக்கு வேற பொழப்பில்லையா?"

"எல்லாம் ஒண்ணுன்னா வெள்ளைக்காரன் எதுக்கு இத்தனை வச்சிருக்கான்? உக்காரு, சொல்றேன்."

"நீங்களே சொல்லிக்கோங்க."

விருட்டென்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவினாளா, போட்டு உடைத்தாளா என்று கீழே சைக்கிள் கடைக்காரருக்கே சந்தேகம். வாத்தியார் தனியாக உட்கார்ந்து தன் பங்கைப் பதிவு செய்து முடித்தார். அந்த வாரமே, பையோடு மாடிப்படி ஏறியவர் பாதியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை.

பாழாய்ப்போன பதிவு அப்படியே கிடந்தது. ஒரு நாள் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னும், எதிரே காலி நாற்காலி என்று தெரிந்தும், மனுஷன் 'ம்' கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் கேட்டது அவளுடைய பாத்திரச் சத்தம்.

அன்றிலிருந்து வீட்டில் அந்த 'ம்' கேட்க ஆரம்பித்தது. மேசையைத் துடைக்கும்போது, துணி பிழியும்போது. "அதாவது..." என்று வாயெடுத்துவிட்டுத் திகைத்து நிற்பாள். பார்க்க வந்த தங்கை, "யார்கூடக்கா பேசுறே?" என்று கேட்டாள். "யாருமில்லடி" என்றாள். பயம்தான், பொய் சொல்வானேன். அது கேட்காமல் போய்விடுமோ என்பது இன்னும் பெரிய பயம்.

புது வகுப்பு தொடங்கும் சமயம் சவுண்டுக்காரர் வந்தார். தொந்தியைத் தடவிக்கொண்டு தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"உங்களால முடியலன்னா வேற ஆளை வச்சு முழுசா புதுசா எடுத்துடலாம்க்கா. பழசை அழிச்சிடறேன்."

"அழிக்கிறதா? மைக்கைப் போடுங்க தம்பி."

ஹெட்போனுக்குள் வாத்தியார் வந்தார். மிக்ஸ். ம்.

"அதாவது, கலக்கிறது. அரிசியில பருப்பு கொட்டிட்டா மிக்ஸ். உக்காந்து பொறுக்கினா பிரிச்சிடலாம்." ஆட் வந்தது. "அதாவது, இருக்கிறதோட இன்னொண்ணைப் போடுறது. டீயில சக்கரையை ஆட் பண்ணுவோம், சக்கரையில டீயை இல்ல." ஸ்டிர் என்றால் கரண்டியைச் சுற்றுவது, பாத்திரத்தில் ஒன்றே ஒன்று இருந்தாலும் சுற்றலாம் என்றாள். அட்டாச் பண்ணியதைக் கழற்றலாம் என்றாள். மெர்ஜ் என்றால் இரண்டு ரோடு ஒரே ரோடாகிவிடுவது. சொல்லச் சொல்ல எல்லாம் வேறு வேறாகத்தான் இருந்தன. கடைசியில் பிளெண்ட்.

"அதாவது... பழத்தையும் பாலையும் சேத்து அடிச்சிட்டா, அப்புறம் பழத்தை மட்டும் தனியா எடுத்துக் குடுன்னா யாராலயும் முடியாது."

வார்த்தை தீர்ந்துவிட்டது. ஆனால் அவர் இன்னொரு தடவை 'ம்' கொடுத்தார். விளக்க ஒன்றுமில்லாத வெறும் 'ம்'.

"வந்துட்டேங்க" என்றாள்.

சவுண்டுக்காரர் குனிந்து ஏதோ ஒயரைத் தேடினார். நிமிராமலே, "வழக்கம்போல 'ம்' எல்லாத்தையும் வெட்டிடறேன்க்கா. பாத்திரச் சத்தத்தையும்" என்றார்.

"பாத்திரத்தை வெட்டிடுங்க. நான் கடைசியா சொன்னதையும் வெட்டிடுங்க. அவரை அப்படியே விட்டுடுங்க."

புது வகுப்பில் பாடம் ஓடியது. பிளெண்ட் என்றார் வாத்தியார். அறை நிறைய ஆட்கள் கடனே என்று ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்: "பிளெண்ட். ம்."

டீச்சர் பட்டென்று பதிவை நிறுத்தினாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். தையல்காரி சொன்னாள், ம். ஆஸ்பத்திரிக்காரி சொன்னாள், ம். அதே மாதிரி, தொண்டைக்குள்ளேயே.

ஒரு லாரி டிரைவர் மட்டும் எழுந்தார். "டீச்சர், அந்த 'ம்' எதுக்கு? எங்க சொல்லணும்?"

அது பாடமில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை.

"வார்த்தைக்கு அப்புறம் சொல்லணும்" என்றாள். "சொல்லிட்டு, எதிர்ல இருக்கிறவங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்."