ஓரு வெள்ளம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மாரிச்செல்வத்துக்குத் தெரியாத வேலை இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டது பெரும்பாலும் மாரிச்செல்வம்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொத்தனாருக்குக் கையாளாக வந்தவன், மூன்றே வருஷத்தில் கூரைமேல் சோலார் பேனல் மாட்டக் கற்றுக்கொண்டு, பிறகு தோட்டங்களுக்குச் சோலார் மோட்டார் பொருத்தும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'புரியவில்லை' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. யார் மலையாளத்தில் எதைச் சொன்னாலும் "ஆங், மனசிலாயி" என்று தலையை ஆட்டிவிடுவான். வந்த புதிதில் அப்படி ஆட்டாவிட்டால் வேலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அவன் குடியிருக்கும் சந்தில் நாலு வீடு தள்ளி சுனிதா இருந்தாள். மூன்று தலைமுறைக்கு முன்பே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். இறால் உரிக்கும் ஷெட்டில் இருபது வருஷம் நின்று, விரலெல்லாம் புண்ணாகி, இனி முடியாது என்று அக்கரையில் வைப்பின் தீவில் முப்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். பயறும் வெண்டையும் கீரையும் போட்டாள். காலையில் ஜங்கார் படகில் அக்கரை போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அந்த நிலத்தை விட்டால் அவளுக்கு மறுபடி ஷெட்தான்.

மானியத்தில் அவளுக்குச் சோலார் மோட்டார் கிடைத்தது. பொருத்தப் போனவன் மாரிச்செல்வம். ஆவணி மாசம். நிலத்துக்கு ஒரு பக்கம் காயலிலிருந்து வரும் வாய்க்கால். அங்கே தோடு என்பார்கள். மறுபக்கம் மழைத்தண்ணீர் நிற்கும் சின்னக் குளம். சுனிதா அவனுக்காகத் தமிழிலேயே பேசினாள்.

"தம்பி, கார்த்திகை பிறந்தா தோட்டில ஓரு வெள்ளம் கேறும், கேட்டியா. அதப் பாத்து வச்சுத் தரணும்."

"ஆங், மனசிலாயி அக்கா."

அந்தக் கரையில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர், ஓரு என்றால் கடலேற்றத்தோடு காயல் வழியே ஏறிவரும் உப்புத் தண்ணீர். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். மாரிச்செல்வத்தின் காதில் விழுந்ததோ 'ஒரு வெள்ளம்'. கார்த்திகையில் ஒரு வெள்ளம் ஏறும் என்றால் அதில் கேட்க என்ன இருக்கிறது? அவன் ஊரிலும் அது அடைமழை மாசம்தான். 'ஒரு'வை அவள் 'ஓரு' என்று இழுத்தாளே என்றால், இந்த ஊரில் எதைத்தான் இழுக்காமல் சொல்கிறார்கள்!

வெள்ளம் தொடாதபடி பேனல் ஸ்டாண்டை நாலடி உயர்த்தினான். வெள்ளத்தில் குளத்தங்கரை சரிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, குழாயைத் தோட்டில் இறக்கினான்.

"தோட்டிலயா? அப்ப ஓரு வந்தா?" என்றாள் சுனிதா. வெள்ளத்தைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

"வரட்டும் அக்கா, ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான எல்லாம் செஞ்சு வச்சிருக்கேன். வெயில் வந்தா அதுவா ஓடும், போனா அதுவா நிக்கும். நீங்க தொடவே வேண்டாம்."

சுனிதா மோட்டாரை மரியாதையோடு பார்த்தாள். உப்பு வந்தால் தானே தெரிந்து நின்றுகொள்ளும் என்று நம்பிவிட்டாள்.

கார்த்திகையில் ஆலுவாயில் மகளுக்குப் பிரசவம். சுனிதா ஆறு நாள் அங்கேயே இருந்தாள். மழையே இல்லை, நல்ல வெயில். மோட்டார் ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடி, பாத்தி பாத்தியாக உப்பை இறைத்து வைத்தது. திரும்பி வந்தபோது கீரை ஒன்றுகூட மிச்சமில்லை. பயற்றங்கொடி நுனி முதல் அடி வரை கருகிக் கிடந்தது.

விஷயம் தெரிந்ததும் மோட்டாரைச் சோதித்து வரக் கம்பெனி மாரிச்செல்வத்தையே அனுப்பியது. எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் குழாய்த் தண்ணீரில் கை கழுவி வாய் கொப்பளித்தான். உப்புக் கரித்தது. ஓரு என்றால் என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஆறு நாள் விட்டுட்டுப் போயிட்டேனே தம்பி," என்றாள் சுனிதா. "நான் இருந்திருந்தா எலயப் பாத்ததும் யாரையாச்சும் கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன். நானே கொன்னுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். பொருத்தியதில் தப்பு என்றால் கம்பெனி குழாயைக் குளத்துக்கு மாற்றி நஷ்டத்தையும் ஏற்க வேண்டும். பொருத்தியவனுக்கு வேலை போகும். 'மோட்டாரில் குறையில்லை. உபயோகித்தவரின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அழுகை வருமா என்று பார்த்தான், வரவில்லை. சாயா குடித்தால் சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. இடப்பள்ளியில் ஒரு மாடியில் பதினாறு பேனல் மாட்டினான், ஒன்றுகூடக் கோணவில்லை. "என்ன, பேச்சே காணோம்?" என்று மனைவி பொன்மணி கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றான். அது பொய்யுமில்லை.

பத்தாம் நாள் காலை சந்து முனையில் சுனிதா நின்றிருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், கையிலும் ரப்பர் உறை. ஷெட் வண்டிக்காகக் காத்திருந்தாள். அவனைக் கண்டதும் கூப்பிட்டாள்.

"தம்பி, அடுத்த மழைக்கு மண்ணுல உப்பு கழுவிப் போகுமாம். அப்ப மோட்டார நிறுத்தறது எப்படின்னு சொல்லித் தருவியா? இனி நான் தப்பு பண்ண மாட்டேன்."

மாரிச்செல்வம் தலையை ஆட்டவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியல. ஓருன்னா என்னன்னு தெரியாது. ஏதோ ஒரு வெள்ளம்னு நெனச்சுக்கிட்டேன், கேக்கல. குழாயக் குளத்துல போட்டிருக்கணும். தப்பு என்னோடது. ரிப்போர்ட்ல உங்க மேல எழுதிட்டேன்."

வசவுக்குத் தயாராக நின்றான். அவள் திட்டவில்லை.

"அப்ப நான் கொல்லலையா?"

"இல்லக்கா."

"பிரசவத்துக்குப் போனதால இல்லையா?"

"இல்லக்கா."

வண்டி வந்து நின்றது. சுனிதா ஏறி உட்கார்ந்து, உறை போட்ட கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கிட்டச் சொன்ன மாதிரியே அங்கயும் எழுதிக் குடு. நாளைக்கில்ல, இன்னிக்கே."

வண்டி போனது. மாரிச்செல்வம் கம்பெனியைப் பார்த்து நடந்தான். பாதி வழியில், பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்குப் பயமாக இருந்தது.